பதினோரு மணிச் சங்கு

கேட்க வந்தவளுக்கு வயது அறுபத்து மூன்று. சொல்ல வேண்டியவளுக்கு முப்பத்து நான்கு.

வந்தவள் நஞ்சம்மாள். மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் பகுதியில் இருபத்தெட்டு வருஷம் நின்றவள். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் துண்டறிக்கைகளில் படித்தது. ஆறு மாதமாக, விலங்கியல் சொல்லித்தரும் இளவேனிலின் வீட்டுக்கு வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடம் கேட்கிறாள். தொழிற்சங்கக்காரரின் மகள் இளவேனில். நஞ்சம்மாளுக்கு மகள் வயதுதான். ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவாள்.

அன்று உட்காரவில்லை. ஒரு நோட்டீஸை நீட்டினாள்.

"படிங்க டீச்சர்."

மேஸ்திரி வேலைக்கான தேர்வில் சுகந்தி என்ற பெண் முதலாவதாக வந்திருந்தாள். நிர்வாகம் அவளுக்கு அந்த வேலையைத் தர மறுத்திருந்தது. காரணமும் எழுதியிருந்தது: 'மாதந்தோறும் ஹார்மோன் இடும் கட்டளைக்கு ஆடுவது பெண்ணின் உடல். அவள் கையில் ஒரு ஷிப்டை ஒப்படைக்க இயலாது.'

"நான் மேஸ்திரி வேலை கேட்டப்பவும் இதையேதான் சொன்னானுக. அப்ப ஹார்மோன்ங்கற வார்த்தை அவனுகளுக்குத் தெரியாது. மாசம் மூணு நாள் உங்களுக்குப் புத்தி இருக்காதுன்னானுக. பதில் தெரியாம தலையைக் குனிஞ்சுட்டு வந்தேன்."

அதற்கு முன்னும் அவள் தலை குனிந்ததில்லை. பின்னும் இல்லை. அந்த ஒரு நாள் மட்டும் முள்ளாகத் தங்கிவிட்டது.

"அஞ்சு மணிக்கு மில் வாசல்ல கேட் மீட்டிங். நான் பேசணும். இந்தாங்க, எழுதிட்டேன்."

இளவேனில் வாங்கிப் பார்த்தாள். முதல் வரி: 'ஹார்மோன் என்பது முதலாளிகள் கட்டிவிட்ட கதை!'

"பொய்ங்கம்மா இது."

"எது பொய்?"

"ஹார்மோன் இருக்கு. உங்களுக்கு, எனக்கு, இந்த நோட்டீஸை ஒட்டுன மேனேஜருக்கு, எல்லாருக்கும் இருக்கு."

நஞ்சம்மாளின் முகம் சுருங்கியது. "அப்ப அவன் சொல்றது நெசமா? நாங்க அதுக்கு அடிமையா? ஒத்தை வார்த்தையில சொல்லுங்க."

இளவேனில் செருப்பை மாட்டினாள். "மூணேகால் ஆச்சு. வாங்க, டீ குடிக்கலாம்."

மில் கேட்டுக்கு எதிரே டீக்கடை. பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். மூன்றரைக்கு, ஷிப்ட் மாற, மில் சங்கு ஊதியது. வெளியே நின்ற கூட்டம் உள்ளே ஓடியது. உள்ளே இருந்த கூட்டம் வெளியே வந்தது. கடைக்காரர் இன்னொரு வரிசை டம்ளரை எடுத்து அடுக்கினார். பஸ் ஸ்டாப்பில் தூங்கியவர் புரண்டும் படுக்கவில்லை.

நஞ்சம்மாள் எழுந்து நின்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

அவள் வெட்கத்தோடு உட்கார்ந்தாள். "சங்கு கேட்டுச்சுங்களே."

"எனக்கும்தான் கேட்டுச்சு."

"இருபத்தெட்டு வருஷம் கேட்ட காதும் உங்க காதும் ஒண்ணாகுமா டீச்சர்?"

"ஆகாது. சினைப்பையிலயும் அதுதான். முட்டையைச் சுத்தி நின்னு அதை வளர்க்கற செல்லுங்க இருக்கு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் மரபணுன்னு ஒரு பெரிய புஸ்தகம். எந்த வேலையை எப்படிச் செய்யணும்னு அதுல இருக்கும். ஆனா எல்லாப் பக்கமும் எப்பவும் திறந்திருக்காது. முதல் ஹார்மோன் ரத்தத்துல வரும்போது, அதைக் கேக்கற காது எந்தச் செல்லுக்கு இருக்கோ அதுதான் பக்கத்தைத் திறக்கும். ஒரு பக்கம் ஈஸ்ட்ரோஜன்னு அந்தச் செல்லே செய்யற ஹார்மோனுக்கு. இன்னொரு பக்கம் வேற ஒரு காது செய்ய."

"இன்னொரு காது எதுக்கு?"

"ரத்தத்துல ரெண்டாவதா வர்ற ஹார்மோனைக் கேக்க. அந்தக் காதைத் தானே செஞ்சுக்காத வரைக்கும் ரெண்டாவது சங்கு அதுக்குக் கேக்கவே கேக்காது. கேட்டுட்டா, பழைய பக்கத்தை மூடிட்டுப் புதுப் பக்கத்தைத் திறக்கும். முட்டை வெளிய போகும். இந்தச் செல்லுங்க அடுத்த வேலைக்குப் போகும்."

"ஷிப்ட் மாறுது."

"ஆமா."

நஞ்சம்மாள் கேட்டைப் பார்த்தபடி யோசித்தாள். எதையும் உடனே நம்பி அவளுக்குப் பழக்கமில்லை.

"காது எங்களதுதான், சரி. அந்த ரெண்டாவது சங்கு எங்க இருக்கு?"

"மேல. மூளைக்கு அடியில."

"பாத்தீங்களா! மேல இருக்கறவன் ஊதுனா கீழ இருக்கறவ ஆடணும். கடைசியில அடிமைதான?"

இளவேனில் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஸ்ட்ரைக் வருஷம் பகல் பதினோரு மணிக்கு இங்க சங்கு ஊதுச்சாம். அப்பா சொல்லுவார்."

நஞ்சம்மாளின் கழுத்து நிமிர்ந்தது. "ஊதுச்சே! மூவாயிரம் பேரு வெளிய வந்தோம்."

"பதினோரு மணி எந்த ஷிப்டுக்கும் இல்லையே. மேனேஜர் ஊதச் சொன்னாரா?"

"அவனா? நல்லாச் சொன்னீங்க போங்க! வைண்டிங் பொம்பளைங்க நாங்க போய், சங்கு ஊதற டைம் ஆபீஸ் முன்னால நின்னோம். பத்துப் பேரு நின்னப்ப சங்குக்காரன் விரட்டுனான். நூறு பேரு நின்னப்பவும் விரட்டுனான். அறுநூறு ஆச்சு. நகராம நின்னோம். அவன் கை தானா பொத்தானுக்குப் போச்சு."

"உடம்புலயும் அதேதாங்கம்மா. அந்தச் செல்லுங்க செய்யற ஈஸ்ட்ரோஜன் கொஞ்சமா மேல போனா, மேல இருக்கற சங்கு அடங்கிக் கிடக்கும். நிறைய போய், ரெண்டு நாள் விடாம நின்னாத்தான் ஊதும்."

நஞ்சம்மாள் டீயை மறந்தாள். மடியிலிருந்து பேனாவை எடுத்தாள். பேச எழுதிய தாளைத் திரும்ப வாங்கி, முதல் வரியை அடித்துவிட்டாள். வேறு எதுவும் எழுதவில்லை.

கேட்டிலிருந்து சுகந்தி தலையைக் குனிந்தபடி வந்தாள்.

"நிமிந்து நட அம்மணி!" என்று நஞ்சம்மாள் குரல் கொடுத்தாள். இந்த முறை சங்கு எதுவும் ஊதவில்லை, அவளாகவே எழுந்தாள். "எல்லாரையும் டைம் ஆபீஸ் முன்னால வந்து நிக்கச் சொல்லு."

சுகந்தி பயந்துபோய் இருவரையும் பார்த்தாள். "எத்தனை பேருங்க வேணும்?"

நஞ்சம்மாள் டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சங்கு ஊதற வரைக்கும்" என்றாள் இளவேனில்.