டயல் பூட்டு

சேதுராமலிங்கத்துக்கு வயது ஐம்பத்து நான்கு. வங்கியில் முப்பது வருஷம் புரோகிராம் எழுதி வி.ஆர்.எஸ். வாங்கியவர். சும்மா வீட்டில் இருந்திருக்கலாம். மனுஷன் இருக்கவில்லை. ரகசியக் குறியீட்டு மென்பொருள் செய்யும் கம்பெனியில் சேர்ந்து, முப்பத்தொரு வயது ஹெப்சிபாவிடம் பாடம் கேட்க உட்கார்ந்துவிட்டார்.

டிஜிட்டல் கையெழுத்து போடும் மென்பொருள் அது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு ரகசிய எண் வேண்டும். ஒருமுறை கொடுத்த எண்ணை மறுபடி கொடுக்கக் கூடாது. கொடுத்தால், இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டே, கையெழுத்துப் போடுபவரின் ரகசியச் சாவியை எவனும் கண்டுபிடித்துவிடலாம். புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளுக்கு த்ரெட் என்று பெயர்; ஒரே நொடியில் நூறு த்ரெட் வந்து எண்ணுக்குக் கை நீட்டும். அதனால் எண் கொடுக்கும் புரோகிராம் பகுதியில் ஒரு பூட்டு. ஒருவர் வாங்கிப் போனபிறகுதான் அடுத்தவர். பூட்டைப் போட்டது சேதுராமலிங்கம்.

அன்று காலை சோதனையில், ஒரே எண் இரண்டு கையெழுத்தில் வந்திருந்தது.

"பத்தாயிரம் தடவை சோதிச்சுட்டேன் மேடம். பூட்டு அசையல."

"சரி."

"எங்க காலத்துல ஒரு நேரத்துல ஒரு புரோகிராம்தான். ராஜா மாதிரி ஓடும். அந்த நாளே வேற. இந்தக் கூட்டத்தை மேய்க்க நம்மால ஆகாது."

ராஜினாமா கடிதத்தை மேஜைமேல் வைத்தார்.

ஹெப்சிபா அதைப் பிரிக்கவில்லை. தன் ஸ்கூட்டர் சாவிக்கொத்தில் தொங்கிய சின்ன பித்தளைப் பூட்டைக் காட்டினார்.

"இது என்னன்னு தெரியுதா சார்?"

வாங்கிப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது.

"அட! டெலிபோன் டயல் பூட்டு! இதை எங்கே பிடிச்சீங்க?"

"பழைய சாமான் கடையில. உங்க வீட்டுல இருந்துச்சா?"

"இல்லாம? அக்கா காதல் கல்யாணம் பண்ணிக்கிட்டா. அதே மன்னார்குடியில, நாலு தெரு தள்ளி. அவகூட யாரும் பேசக்கூடாதுன்னு அப்பா டயல்ல பூட்டைப் போட்டு, சாவியை அரணாக்கயித்துல முடிஞ்சுக்கிட்டார்."

"அப்புறம் யாரும் பேசலையா?"

அவர் சிரித்தார்.

"அம்மா பேசினாங்க. தினம் மூணு மணிக்கு. ரிசீவர் உட்கார்ற கட்டை இருக்கு பாருங்க, அதைத் தட்டுவாங்க. மூணு தட்டு, ஒரு தட்டு, நாலு தட்டு. முந்நூத்திப் பதினாலு, அத்தானோட மருந்துக்கடை. டயலைத் தொடவே வேண்டாம், லைன் கிடைச்சுடும். அக்கா லைன்ல வந்ததும் ஒரே கேள்விதான். 'சாப்பிட்டியா?'"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. அந்தத் தட்டுற சத்தம் இன்னும் காதுல இருக்கு மேடம்."

"அப்பாவுக்குத் தெரியவே தெரியாதா?"

"எங்கே தெரிஞ்சுது? ஆபீஸ்லேருந்து வந்ததும் பூட்டை ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். கெட்டியா இருக்கும். நிம்மதியா காபி குடிப்பார். பாவம்."

ஹெப்சிபா கடிதத்தை அவர் பக்கமே தள்ளினார்.

"நீங்களும் பத்தாயிரம் தடவை இழுத்துப் பார்த்துட்டீங்க சார். போதும். அம்மா எங்கே தட்டுறாங்கன்னு போய்ப் பாருங்க."