அட்டை கொடுத்த மேசை

தங்கபாய்க்கு ஐம்பத்துநாலு வயது. அவளுக்கு மரவேலை சொல்லிக்கொடுத்த ஜெஸ்லினுக்கு இருபத்தெட்டு. ஆனாலும் தங்கபாய் அவளை "ஆசானே" என்றுதான் கூப்பிடுவாள்.

முட்டி ஆபரேஷன் முடிந்து தங்கபாயின் கணவர் மறுநாள் வீட்டுக்கு வருகிறார். இனி தரையில் படுக்க முடியாது, கட்டில் வேண்டும். எட்டடிப் பலகை ஒன்றை நீளவாக்கில் கிழித்தால் இரண்டு பக்கச் சட்டமும் ஆகும். கெட்டுப்போனால் என்ன செய்வது என்று இரண்டு பலகை வாங்கியிருந்தாள்.

கார் ஷெட்டில் கிடந்த, மோட்டாரில் சுழலும் மேசை ரம்பம் இரண்டடி நீளம்தான். எட்டடிப் பலகை அதைத் தாண்டினால் முனை தொங்கிவிடும். அதனால் ரம்பத்துக்குப் பின்னால் பலகையை ஏந்த இன்னொரு மேசை செய்து போட்டாள். ஏந்தாமல் விட்டுவிடுமோ என்று நாலு காலுக்கும் அடியில் அட்டை கொடுத்து உயர்த்தினாள். மனசு ஆறவில்லை. இன்னொரு அட்டை கொடுத்தாள்.

முதல் பலகை புது மேசையின் விளிம்பில் இடித்து நின்றது. அழுத்தித் தள்ளினாள். ரம்பம் அதைத் திருப்பி எறிந்தது. பலகை அவள் விலாவை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதிப் பிளந்தது.

போன் போட்டதும் ஜெஸ்லின் வந்தாள்.

"கட்டிலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் ஆசானே. மெஷினை வித்திருதேன்."

"அண்ணனை எங்க படுக்க வைப்பீங்க? வித்த காசு மேலயா?"

ஜெஸ்லின் குனிந்து அட்டைகளை ஒவ்வொன்றாக உருவினாள்.

"ஐயோ, ரம்பத்தை விடத் தாழ்ந்துபோச்சே!"

"ஒரு ரூபாய்த் துட்டு கனம்தான் தாழ்ந்திருக்கு. இருக்கட்டும். பலகையைத் தள்ளுங்க அக்கா."

"இருக்கது இந்த ஒரு பலகைதான். நீங்களே தள்ளுங்க."

"வீட்டுக்காரர் உங்களுக்கா, எனக்கா?"

தங்கபாய் தள்ளினாள். பலகையின் முனை ரம்பத்தைத் தாண்டி ஒன்றையும் தொடாமல் நீண்டது. பிறகு அது மெல்ல மேசையில் படிந்து, வழுக்கிக்கொண்டு போனது.

இரண்டு சட்டங்கள். ஜெஸ்லின் மோட்டாரை நிறுத்தினாள்.

"உசத்தி வச்சேன், ஏந்தல. நீங்க தாழ்த்தினதும் ஏந்துது. அது எப்படி ஆசானே?"

"பலகை வாறதுக்கு முன்னாடியே நீங்க ஏந்தப் போனீங்க. இது, வந்த பிறகு ஏந்துது அக்கா."