நீராவிப் பொங்கல்

ஆயுத பூசையன்று விடியும்போதே கேண்டீன் தில்லைநாயகி அரிசியைக் களைந்து வைத்துவிட்டாள். வெயில் ஏறுவதற்குள் முதலாளி குடும்பத்தோடு வந்துவிடுவார். வரும்போது படையலில் சர்க்கரைப் பொங்கல் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேண்டீன் அவள் கையில் இருக்காது. மேனேஜரின் மச்சினன் ஒருத்தன் அதன்மேல் வெகுநாளாகக் கண் வைத்திருக்கிறான். பார்க்கும்போதெல்லாம், "என்னக்கா, ஒடம்புக்கு முடியலன்னா சொல்லுங்க, நான் எடுத்துக்கறேன்" என்பான்.

பெரிய ரெட்டைச் சுவர் அண்டாவில் அரிசியும் பருப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றி, இரண்டு சுவருக்கும் நடுவே ஆவி விடும் குழாயைத் திறந்தாள். குழாய் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டது. அதோடு சரி.

"அண்ணே, ஆவி வரலையே" என்றாள்.

பெஞ்சில் சாய்ந்திருந்த பாய்லர் பொன்னுரங்கம் அசையவில்லை. விரலெல்லாம் சந்தனம், நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். "வரும் தங்கச்சி. இப்பதான் பாய்லருக்குப் பொட்டு வெச்சு, கட்டிப்புடிச்சு மாலை போட்டுட்டு வர்றேன். பண்டிகை நாள் பாரு, நிதானமா நடந்து வருது."

அது சோப்புத் தூளுக்கு வேண்டிய அமிலம் செய்யும் தொழிற்சாலை. கடலூர்ப் பக்கம் கடலோரமாக இருந்தது. அங்கே கந்தகத்தை எரித்துத்தான் வேலையே ஆரம்பம். அந்தச் சூட்டை ஆற்றக் காற்றை ஊதுவார்கள். ஊதின காற்று அனலாகிப் புகைபோக்கி வழியாக வீணாய் ஆகாயத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. போன ஆடியில்தான் அந்த அனலை மடக்கித் தண்ணீரை ஆவியாக்க ஒரு பாய்லர் வைத்தார்கள். கந்தகம் உருக்கியது போக மிஞ்சின ஆவி கேண்டீனுக்கு வந்தது. அன்றிலிருந்து பொன்னுரங்கத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. "இனிமே உனக்கு அடுப்பு எதுக்கு?" என்று தில்லைநாயகியின் இரும்பு அடுப்பையும் விறகையும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான்.

"குழாய் தொறந்த மொத நாள் ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்தான். "தங்கச்சி அரிசியைக் கழுவறதுக்கு அண்டா பக்கம் கொண்டாந்தா. முறத்துலயே சோறாயிடுச்சு."

எதிர் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தான் மதலைமுத்து. கந்தக லாரி ஓட்டுகிறவன். "அந்தச் சோத்தை நானும்தான் தின்னேன். கடவாப் பல்லு ஆடிப்போச்சு. அரை வேக்காடு."

"அது நீ லேட்டா வந்ததால. சூட்டுல வெந்து, தாண்டி, திரும்ப அரிசியாயிடுச்சு."

தில்லைநாயகி அண்டாவைத் தொட்டுப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர். "அண்ணே, கொஞ்சம் போயி என்னான்னு பாருங்களேன்."

"ஏன் பதறுற? இந்தச் சூட்டோட பெருமை உனக்கே தெரியல. போன மாசம் காத்து கடல் பக்கம் திரும்பிச்சு. மீன் புடிக்கப் போனவங்க வலையை இழுத்தா, உள்ள அத்தனையும் கருவாடு. உப்புகூடச் சரியா இருந்ததாம்."

"அப்ப கடல்?" என்றான் மதலைமுத்து.

"கடல்தான் ரசமாயிடுச்சே! கரையோரம் இருந்த சனங்க எல்லாம் சோத்தைப் பெசஞ்சுக்கிட்டு ஓடுனாங்க. நீ லோடு ஏத்தப் போயிருந்த."

"நான் எப்பவுமே போயிருப்பேன், இல்ல?"

"அது உன் தலையெழுத்து. புயல் வந்தப்பவும் நீ இல்ல. துறைமுகத்துல கூண்டு மேல கூண்டா ஏத்திட்டாங்க. ஊரே சாமான் செட்டைக் கட்டுது. நான் ஒண்ணுமே பண்ணல. அனல் போற குழாயைக் கெழக்கால திருப்பி வெச்சேன். வந்த புயலுக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. சட்டையைக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டு, விசிறிக்கிட்டே ஆந்திராப் பக்கம் போயிடுச்சு."

தில்லைநாயகிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வெல்லத்தைத் தட்டி முடித்தாயிற்று. முந்திரியை உடைத்தாயிற்று. அரிசி மட்டும் போட்டது போட்டபடி அண்டாவின் அடியில் கிடந்தது. வாசலில் பூசணிக்காய்க்குள் குங்குமம் அடைத்துக்கொண்டிருந்த மச்சினன் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

"இதெல்லாம் என்ன?" என்று குரலை இறக்கினான் பொன்னுரங்கம். "மிச்சச் சூட்டை ஒரு தூக்குவாளியில அமுக்கி, மூடி போட்டு, ஊட்டியில இருக்கிற என் சகலைக்கு பஸ்ல அனுப்பிச்சேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டான். அங்க போயி மூடியைத் தொறந்தா, மலையில இருந்த தேயிலை செடியிலயே காஞ்சு தூளாயிடுச்சு. பசுமாடுங்க அதை மேஞ்சிட்டு சாயங்காலம் மடியில டீயாவே குடுத்துச்சுங்க."

"சக்கரை?"

"அதைத் தனியாத்தான் போட்டுக்கணும். பொய் சொல்லக் கூடாது பாரு."

மதலைமுத்து கிளாஸைக் கீழே வைத்தான். "எல்லாம் சரிய்யா. அத்தனை சூட்டுப் பாய்லரைக் காலையில கட்டிப்புடிச்சு மாலை போட்டேன்னியே. உனக்குச் சுடலையா?"

"ஏன் சுடணும்? பூசைக்குன்னு நேத்துச் சாயங்காலமே கந்தகம் எரியறதை நிறுத்தி, ஆற வெச்சு, கழுவித் தொடச்சு..."

வாய் திறந்தபடியே நின்றுபோயிற்று.

வருஷா வருஷம் பூசைக்குத் தொழிற்சாலையை நிறுத்துவார்கள். போன வருஷம்வரை அடுப்பு இருந்தது, பொங்கல் பொங்கியது. எரியாத கந்தகத்திலிருந்து சூடு வராது என்று இந்த வருஷம் மேனேஜருக்கும் தோணவில்லை, பாய்லர்காரனுக்கும் தோணவில்லை, அவளுக்கும் தோணவில்லை.

"என் அடுப்பு எங்கய்யா?" என்றாள் தில்லைநாயகி. 'அண்ணே' என்ற மரியாதை போய்விட்டது.

பொன்னுரங்கம் ஓடினான். வீடு மதிலுக்குப் பின்னால்தான். சுடச்சுட அடுப்பை ஈரச் சாக்கில் சுற்றித் தலையில் சுமந்துகொண்டு அவன் திரும்பி வர, பின்னாலேயே அவன் பெண்சாதி செல்லக்கிளி விறகுக்கட்டோடு வந்தாள்.

"கொதிக்கிற வெந்நியை எறக்கி வெச்சுட்டு அடுப்பைத் தூக்கியாறாருக்கா. ஊரெல்லாம் சூடு அனுப்பற மனுசன், வெறகு வெச்சுக் குடுத்தாத்தான் குளிப்பாரு."

மதலைமுத்து சிரித்த சிரிப்பில் டீ கிளாஸ் உருண்டது. தில்லைநாயகிக்குச் சிரிக்க நேரமில்லை. அண்டாவிலிருந்த அரிசியையும் பருப்பையும் பெரிய தவலைக்கு மாற்றி அடுப்பில் ஏற்றினாள். ஊதுகுழலைப் பொன்னுரங்கத்தின் கையில் கொடுத்தாள். ஈர விறகு. அவன் ஊதினான். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட ஊதினான். குங்குமம் கரைந்து, முகமெல்லாம் கரி.

வெல்லத்தைக் கொட்டி, நெய்யில் வறுத்த முந்திரியைப் போடவும் வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பூசணிக்காய் உடைந்தது, தீபாராதனை ஆயிற்று. முதலாளி வாழையிலைத் துண்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணை மூடித் திறந்தார். தில்லைநாயகி முந்தானையைப் பிடித்துத் திருகினாள்.

"பிரமாதம்மா! நீராவியில வெந்ததுன்னா தனி ருசிதான். உன் கேண்டீனை விட்டா இது எங்க கிடைக்கும்? அது சரி, லேசா விறகு வாசனை வருதே?"

மச்சினன் வாயைத் திறப்பதற்குள், கரி முகத்தோடு பொன்னுரங்கம் முன்னால் வந்து நின்றான்.

"ஐயா, மத்த ஊரு நீராவியில வெறும் சூடுதான் வரும். நம்ம பாய்லர்ல நான் கைப்பக்குவமா ஓட்டறதால வெறகு வாசனையும் சேர்ந்து வரும். சவுக்கு வாசனை வேணுமா, வேலமர வாசனை வேணுமா, குழாயைத் திருப்பினா..."

"அண்ணே" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் தில்லைநாயகி. "சுண்டல் இன்னும் வேகல. வந்து ஊதுங்க."