கூண்டுத் துணியில் மருதாணி

முன்னொரு காலத்தில், அரசருக்குத் தூக்கம் வராவிட்டால் அரண்மனையில் ஒருவரும் தூங்கக் கூடாது என்று இருந்த நாளில், பரிதிமாறன் என்றோர் அரசர் இருந்தார். எந்த நாட்டுக்கு அரசர் என்று கேட்காதீர்கள். எந்த நாடாயிருந்தால் என்ன, அங்கே அப்போது ஒருவர் கண்ணிலும் தூக்கம் இல்லை, அதுதான் சங்கதி.

காரணம் ஒரு பறவை. உடம்பெல்லாம் வெள்ளை, தலையில் மஞ்சள் கொண்டை. கோபம் வந்தால் கொண்டையை விசிறிபோல் விரித்துக்கொள்ளும். கிழக்குக் கடல் வணிகர்கள் கொண்டுவந்த கொண்டைக்கிளி அது. அரசரின் ஒரே மகள் கோமளை அதற்குப் பஞ்சு என்று பெயர் வைத்து வளர்த்தாள். தாயில்லாப் பெண். அப்பா சபைக்குப் போய்விட்டால் பஞ்சுவோடுதான் அவளுக்குப் பேச்சு. அந்தி சாய்ந்ததும் கூண்டைத் தன் அறைக்குள் வைத்து, அதன்மேல் தன் பழைய கருநீலப் புடவையைப் போர்த்துவாள். போர்த்துவதற்கு முன்னால் பக்கத்து அறையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"அப்பா, படுத்தாச்சா?"

"படுத்தாச்சும்மா," என்பார் அரசர்.

பச்சைப் பொய். ஓலையும் கையுமாக உட்கார்ந்திருப்பார் மனிதர். ஆனாலும் அந்தப் பதில் வந்தால்தான் அவள் துணியை இறக்குவாள். பஞ்சுவும் தலையைச் சிறகுக்குள் வைத்துக்கொண்டு விடியும்வரை மூச்சுக் காட்டாது.

கோமளைக்குக் கல்யாணம் ஆயிற்று. கடலுக்கு அப்பால் ஒரு தீவின் இளவரசன் மாப்பிள்ளை. அப்பா தனியாக இருப்பாரே என்று பஞ்சுவை அவரிடமே விட்டுவிட்டுக் கப்பலேறினாள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணைக் கொடுத்த அரசன் மாப்பிள்ளையின் மண்ணை மிதிக்கக் கூடாது. மிதித்தால், ஒன்று படையெடுத்து வந்தான் என்று பேசுவார்கள், இல்லாவிட்டால் கப்பம் கட்ட வந்தான் என்று பேசுவார்கள். மகளைப் பார்க்க வந்தான் என்று மட்டும் யாரும் பேச மாட்டார்கள். ஆகவே, காற்று திரும்பும் பருவத்தில் ஆண்டுக்கு ஒரு சீர்க்கப்பல் போகும். பட்டு போகும், பலகாரம் போகும், அப்பா போகமாட்டார்.

அவள் போன பிறகு பஞ்சு இரவில் கத்தத் தொடங்கியது. கத்தல் என்றால் சாதாரணக் கத்தலா? கோட்டை வாசலில் கட்டியிருந்த யானை சங்கிலியை இழுத்தது. காவலர்கள் எதிரி வந்துவிட்டான் என்று வேலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காலையில் சபை கூடினால் அமைச்சர் தூணில் சாய்ந்து குறட்டை விட்டார்.

அரண்மனைப் பேரதிகாரி வில்வராயர், "இதை என்னிடம் விடுங்கள்," என்றார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், மரியாதை. கூண்டைச் சுற்றிப் பந்தங்கள் ஏற்றச் சொன்னார். வீணை வாசிக்க ஆள் வைத்தார். பறவை கத்தினால் உடனே பாதாம்பருப்போடு ஓட ஒருவனை நிறுத்தினார். பஞ்சு புத்திசாலி. கத்தினால் வெளிச்சம் உண்டு, கச்சேரி உண்டு, பாதாம் உண்டு என்று சீக்கிரமே கற்றுக்கொண்டது. அதற்குப்பின் அது கத்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கடைசியில் வில்வராயரே சபையில் எழுந்து நின்றார். "அரசே, சீர்க்கப்பல் புறப்படப் போகிறது. பறவையையும் அதிலேயே இளவரசியிடம் அனுப்பிவிட்டால் நாடு நிம்மதியாகத் தூங்கும்."

சபை முழுவதும் தலையாட்டியது. பாதிப் பேர் தூக்கத்தில் ஆட்டினார்கள் என்றாலும் ஆட்டம் ஆட்டம்தானே. அரசரின் முகம் சுருங்கிப்போனது. பஞ்சு கோமளையின் குரலிலேயே பேசும். அவர் காதுக்கு மகள் குரல் என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். ஊரே கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்?

அப்போது விகடகவி கூத்தையன் எழுந்தான். அரசரைச் சிரிக்கவைப்பதுதான் அவன் உத்தியோகம். கல்யாணத்துக்குப் பிறகு அந்த உத்தியோகம் அவனுக்குச் சரியாக நடக்கவில்லை.

"அரசே, கப்பல் புறப்படும்வரை பறவையை என்னிடம் விடுங்கள். அது தூங்காவிட்டால் அனுப்பிவிடலாம்."

கூத்தையன் முதலில் பந்தங்களை அணைத்தான். வீணைக்காரரை வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொன்னான். பாதாமைப் பகலோடு நிறுத்தினான். பெட்டியைக் குடைந்து கோமளையின் கருநீலப் புடவையைத் தேடி எடுத்தான். தினமும் அந்தி சாயும் அதே வேளையில் கூண்டைப் போர்த்தி, கிட்டே யாரும் நடமாடாமல் பார்த்துக்கொண்டான். பஞ்சு ஒடுங்கிவிட்டது. அரண்மனையே ஆகா என்று கண்ணை மூடியது.

ஆனால் நள்ளிரவானால் மறுபடியும் கத்தல். காலையில் பார்த்தால் புடவை ஒரு பக்கம் விலகியிருக்கும்.

கூத்தையன், கூண்டு இருந்த கோமளையின் அறை வாசல் காவலனைப் பிடித்தான்.

"யாருய்யா ராத்திரியில துணியத் தூக்குறது?"

"சத்தியமா இந்த வாசல் வழியா ஒரு ஈ காக்கா வரலீங்க," என்றான் காவலன். "எடுத்த எடுப்புல அது கத்துறதில்லீங்க. மொதல்ல இளவரசியம்மா மாதிரியே, 'அப்பா, படுத்தாச்சா'ன்னு கேக்குது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கு. திரும்பக் கேக்குது. அப்புறந்தான் கத்துதுங்க."

கூத்தையன் அறைக்குள் எட்டிப் பார்த்தான். அந்த அறைக்கு வாசல் இரண்டு. ஒன்றில் காவலன் நிற்கிறான். மற்றொன்று அரசரின் அறைக்குள் திறக்கிறது. கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு சபைக்குப் போனான்.

"அரசே, பறவை தூங்கத்தான் செய்கிறது. யாரோ அதன் தூக்கத்தைக் கெடுக்கிறார்கள்."

"யார் அந்தத் துரோகி?" என்று அரசர் சிம்மாசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நடிப்பு இல்லை, மெய்யாகவே அவருக்குக் கோபம்.

வில்வராயருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தன் வைத்தியத்தையெல்லாம் நிறுத்திய கூத்தையனை ஒழித்துக்கட்ட இதைவிட நல்ல வேளை வாய்க்குமா? "அரசே, பிடிபடுபவனைச் சீர்க்கப்பலில் ஏற்றிக் கடல் கடத்திவிட வேண்டும். காற்று திரும்பும்வரை அவன் இந்த மண்ணில் கால் வைக்கக் கூடாது. ஆணையிடுங்கள்!"

"நல்ல யோசனை," என்றான் கூத்தையன். "ஆனால் பேரதிகாரியின் மச்சான், மைத்துனன் என்றெல்லாம் விட்டுவிடக் கூடாது. யாராயிருந்தாலும் என்று ஆணையில் சேர்க்க வேண்டும்."

"யாராயிருந்தாலும்!" என்றார் வில்வராயர், முந்திக்கொண்டு.

"யாராயிருந்தாலும்," என்று சொல்லி அரசர் முத்திரை வைத்தார்.

அன்று அந்தியில் கூத்தையன் கூண்டைப் போர்த்திவிட்டுப் போனதும், வில்வராயர் புடவையின் ஓரமெங்கும் அரைத்த மருதாணியைத் தடவ ஏற்பாடு செய்தார். தினமும் காலையில் துணியை எடுப்பவன் கூத்தையன். எடுத்தால் கை சிவக்கும். சிவந்த கையைச் சபையில் காட்டினால் கப்பல்தான். கணக்கு நல்ல கணக்கு. ஆனால் மருதாணி வாசத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? காலையில் அறைக்குள் காலை வைத்ததுமே கூத்தையன் மூக்கை உறிஞ்சினான். ஒரு கோலை எடுத்துவந்து அதன் நுனியால் புடவையைத் தூக்கிப் போட்டான். கத்திக் களைத்திருந்த பஞ்சு ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்தது.

சபை கூடியது. "எல்லாரும் கையை நீட்டுங்கள்!" என்று வில்வராயர் முழங்கினார். அமைச்சர் நீட்டினார், தளபதி நீட்டினார், கவரி வீசும் பெண்கள் நீட்டினார்கள். கூத்தையன் இரண்டு கையையும் வில்வராயரின் மூக்குக்குக் கீழேயே நீட்டினான். ஒரு புள்ளி சிவப்பு இல்லை. வில்வராயரின் வாய் திறந்தபடியே நின்றது.

"இன்னும் ஒருவர் காட்டவில்லை," என்றான் கூத்தையன் மெதுவாக. "அரசே, இன்று காலை எங்கள் வணக்கத்தை இடக்கையால் ஏற்றுக்கொண்டீர்கள்."

அரசர் பட்டுச் சால்வைக்குள்ளிருந்து வலக்கையை வெளியே எடுத்தார். உள்ளங்கையும் விரல்களும் கல்யாணப் பெண்ணின் கைபோல் நன்றாகச் சிவந்திருந்தன.

"சும்மா தொட்டால் மருதாணி இவ்வளவு பிடிக்காது, அரசே," என்றான் கூத்தையன். "நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்."

"நின்றேன்," என்றார் அரசர். "தினமும் ஒரே ஒரு தடவை அவள் குரலைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். அதனால்தான் கத்துகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குப் பின்னால் எவனோ வந்து அதை உசுப்புகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்றுத் துணியைத் தூக்கினால் மருதாணி வாசம். கல்யாணத்துக்கு முதல்நாள் அவள் அறையில் அடித்த அதே வாசம். அவளே வந்து நின்றுவிட்டுப் போனாள் போலிருந்தது. விட்டுவிட்டு வர மனம் வரவில்லை."

"அது 'படுத்தாச்சா' என்று கேட்கிறது. நீங்கள் பதில் சொல்வதில்லை. பதில் வராததால்தான் அரசே, அது விடியவிடியக் கூப்பிடுகிறது."

"பதில் சொன்னால் பேச்சு முடிந்துவிடுமே, கூத்தையா," என்றார் அரசர்.

அங்கே கண்ணைத் துடைத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. கூத்தையனும் துடைத்துக்கொண்டான். ஆனால் விகடகவிக்கு அதிக நேரம் அழ வசதிப்படாது. ஆணை ஓலையை எடுத்து விரித்தான்.

"பறவையின் தூக்கத்தைக் கெடுத்தவர் யாராயிருந்தாலும் சீர்க்கப்பலில் ஏற்ற வேண்டும். காற்று திரும்பும்வரை இங்கே கால் வைக்கக் கூடாது. கீழே அரச முத்திரை. கப்பல் காத்திருக்கிறது."

வில்வராயர் பதறிப்போனார். "அதெப்படி! அந்தக் கப்பல் மாப்பிள்ளை நாட்டுக்கல்லவா போகிறது? பெண் கொடுத்த அரசன் அந்த மண்ணை மிதிக்கலாமா? வழக்கம் என்னாவது?"

"அரசரை யாரய்யா அனுப்புகிறார்கள்?" என்றான் கூத்தையன். "நாம் அனுப்புவது ஒரு குற்றவாளியை. படை இல்லை, கப்பம் இல்லை, கிரீடமும் இல்லை. மாமனார் மருமகன் வழக்கமெல்லாம் அரசர்களுக்குத்தான். நாடு கடத்தப்பட்டவன் எந்த மண்ணை மிதித்தால் யாருக்கு என்ன? அதுவும் இந்தத் தண்டனையைச் சொன்னவர் நீங்கள். 'யாராயிருந்தாலும்' என்று முந்திக்கொண்டதும் நீங்கள்தான்."

அரசர் சிவந்த கையையும் ஓலையையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சபை அதிர வாய்விட்டுச் சிரித்தார். கல்யாணத்துக்குப்பின் அந்தச் சிரிப்பை அங்கே யாரும் கேட்டதில்லை. கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தையனுக்குப் போட்டார். வேண்டாம் என்று சொல்லும் ஆளில்லை கூத்தையன். மாலையைச் சரிசெய்துகொண்டே, "குற்றவாளி தப்பி ஓடிவிட்டால்? காவலுக்கு நானும் வருகிறேன்," என்றான்.

நாட்டை அமைச்சர் பார்த்துக்கொண்டார். பஞ்சுவை வில்வராயர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அரசர் உத்தரவு. தினமும் அந்தியில் கூண்டருகே நின்று, "படுத்தாச்சும்மா" என்று அன்போடு சொல்லிவிட்டுத்தான் அவர் துணியை இறக்க வேண்டும். விறைப்பாகச் சொன்னால் பஞ்சு கொண்டையை விரித்துக்கொண்டு மறுபடியும் கேட்கும். ஒழுங்காகச் சொல்ல அவருக்குச் சில நாள் பிடித்தது. அதன்பின் கோட்டை முழுதும் தூங்கியது, யானையும்தான்.

சீர்க்கப்பல் தீவை அடைந்தது. பலகாரக் கூடைகளுக்கு நடுவே இறங்கிய அப்பாவைக் கண்டு கோமளை கரையிலேயே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அன்று முழுவதும் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். இருட்டியதும் அவருக்குப் பக்கத்து அறையில் படுக்கை போட்டுக் கொடுத்தாள். கூத்தையன் கதவோரம் பாயை விரித்தான்.

சற்று நேரத்தில் அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அப்பா, படுத்தாச்சா?"

அரசர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடியும் முயன்றார். வரவில்லை.

"சொல்லிடுங்க ராஜா," என்று கூத்தையன் பாயிலிருந்தே முணுமுணுத்தான். "சொல்லலேன்னா விடியவிடியக் கத்தப் போறாங்க."

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். விரலில் இருந்த மோதிரத்தை உருவி இருட்டில் கூத்தையன் பக்கம் எறிந்தார்.

"படுத்தாச்சும்மா," என்றார். அன்று அவர் உண்மையாகவே படுத்திருந்தார்.