41,616 எந்தக் குலம்?

எண்ணுக்கும் குலம் உண்டென்று சட்டம் போட்ட ஓர் அரசனின் கதை இது. சிரிக்காதீர்கள், அந்தச் சட்டத்தால் வீடிழந்தவர்கள் உண்டு.

அரசன் பெயர் திடவரையன். வரிசைக்கு ஆறு வீதம் ஆறு வரிசை என்பதுபோல அடுக்கி மிச்சமின்றி முடிந்தால், அந்த எண் சதுரக் குலம். முதல் வரிசையில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று என்று அடுக்கி முடிந்தால் முக்கோணக் குலம். ஓர் எண்ணுக்கு ஒரே குலம்தான். இரண்டு பேர் இரண்டு குலம் சொன்னால் ஒருவன் பொய்யன். அவன் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகவேண்டும். எல்லாம் ஓர் ஏட்டில் எழுதப்பட்டிருந்தது.

ஒருமுறை 41,616 என்ற எண் அவைக்கு வந்தது. கணக்கறிஞன் பெருந்தேவன் அரண்மனை முற்றத்தில் புளியங்கொட்டைகளை அடுக்கினான். வரிசைக்கு 204, மொத்தம் 204 வரிசை. ஒரு கொட்டைகூட மிஞ்சவில்லை. மறுநாள் இளநாகன் அதே கொட்டைகளை ஒன்று, இரண்டு, மூன்று என அடுக்கி 288-ஆம் வரிசையில் முடித்தான். அவனுக்கும் மிஞ்சவில்லை. எதிரி அடுக்கியதை எட்டிப் பார்ப்பதே இழுக்கு என்பது அந்த அவையின் வழக்கம். அதனால் மற்றவன் கொட்டையை ஒளித்துவிட்டான் என்று இருவருமே சத்தியம் செய்தார்கள்.

பொய்யன் இவன்தான் என்று தீர்ப்புச் சொல்ல, அரசன் இளநாகனைப் பார்த்துக் கையை உயர்த்தினான். வாசலில் இளநாகனின் மனைவி கைக்குழந்தையோடு நின்றிருந்தாள்.

அப்போது அரண்மனை வாசலில் தினமும் கோலம் போடும் மாசாத்தி, யாரும் அழைக்காமலே உள்ளே வந்தாள். தரையில் ஆறுக்கு ஆறு நேர்ப்புள்ளி வைத்தாள். பக்கத்திலேயே எட்டில் தொடங்கி, வரிசைக்கு ஒன்று குறைத்து, ஒன்றில் முடியும் ஊடுபுள்ளியை ஒரு பக்கமாக மட்டும் முக்கோணம்போல வைத்தாள்.

"ரெண்டையும் எண்ணுங்க ராசா. ரெண்டும் முப்பத்தாறு. இது எந்தக் குலம்?"

அரசன் இரண்டு முறை எண்ணினான். முகம் கறுத்தது.

"ஒன்றை அழி. இல்லையென்றால் நீயும் இவனோடு போ."

"அழிக்க மாட்டேன். வேணும்னா நீங்களே காலால அழிச்சுக்குங்க. உங்க சட்டத்துக்குப் பயந்து முப்பத்தாறு ஒரு புள்ளி குறையாது. நானும் நகர மாட்டேன்."

பெருந்தேவன் குறுக்கிட்டான்: "முப்பத்தாறு சின்ன எண். அதை வைத்து 41,616-ஐ எப்படித் தீர்ப்பது?"

அவன் கேட்டதிலும் நியாயம் உண்டு. இப்போது நீங்கள் சொல்லுங்கள். சதுரம் என்ற பெருந்தேவன், முக்கோணம் என்ற இளநாகன், ஒரே எண் இரண்டாகவும் இருக்கும் என்று காட்டிய மாசாத்தி, இந்த மூவரில் யார் சொன்னது சரி? நாட்டை விட்டுப் போகவேண்டியது யார்?

விடை: ஒன்று முதல் 288 வரை கூட்டவேண்டுமானால், 288-இல் பாதியான 144-ஐ 289-ஆல் பெருக்கினால் போதும். 144 என்பது 12×12. 289 என்பது 17×17. ஆகவே கிடைப்பது 12×17-இன் வர்க்கம், அதாவது 204×204. இரண்டு அறிஞர்களின் கணக்கும் சரி. எட்டிப் பார்க்காமல் மற்றவனைப் பொய்யன் என்றதுதான் தப்பு. மாசாத்தியின் முப்பத்தாறு 41,616-க்குச் சான்றாகாது. ஆனால் ஓர் எண்ணுக்கு ஒரே குலம் என்ற சட்டத்தை உடைக்க அந்த ஒரு கோலம் போதும். எனவே மனிதர் யாரும் போகவேண்டாம், அந்த ஏடுதான் போகவேண்டும். அது எல்லைக்கு வெளியே வீசப்படும்வரை மாசாத்தி தன் புள்ளிகளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.