பதினாறு இதழ் விசிறி

நெய்தலூர் ராஜா வழுதிகேசரியிடம் ஒரு மோட்டார் படகு இருந்தது. அந்தக் காலத்தில் ஏது மோட்டார் என்று கேட்காதீர்கள். ராஜா என்றால் எல்லாம் இருக்கும்.

படகின் விசிறி உடைந்துபோயிற்று. தண்ணீருக்கடியில் சுழன்று படகைத் தள்ளுமே, அந்த விசிறிதான். புதிதாக வார்க்க வேண்டும். அதற்கு எத்தனை இதழ் வைப்பது?

"ஒன்று என் பெயரில் இருக்கட்டும்" என்றார் முதலமைச்சர் திருவேகம்பர்.

அப்படியானால் எனக்கு, எனக்கு என்று சபை அமளிதுமளிப்பட்டது. அமைச்சர்கள் மொத்தம் பதினாறு பேர். ராஜா காதைப் பொத்திக்கொண்டு ஆணையிட்டார்: "நாட்டுக்கு உழைக்கும் அமைச்சர் ஒவ்வொருவருக்கும் ஓர் இதழ்!" உடனே செப்பேட்டிலும் வெட்டியாயிற்று.

பதினாறு இதழோடு விசிறி வந்தது. பார்க்கச் சோற்றுத் தட்டு மாதிரி இருந்தது. மோட்டார் உறுமியது, புகை கக்கியது. படகு நின்ற இடத்திலேயே நடுங்கியது. ஒரு வாத்து நிதானமாக அதைத் தாண்டிப் போயிற்று.

ராஜாவுக்கு வியர்த்துவிட்டது. மறுநாள் மாலை பக்கத்து நாட்டு ராஜாவோடு படகுப் பந்தயம். தோற்றால் ஏரி மீன் முழுக்க ஒரு வருஷத்துக்கு அவர்களுக்கு.

சபை விகடகவி கூத்தபிரானைக் கூப்பிட்டார். "படகு ஓட வேண்டும். ஆணையில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது. ஓடாவிட்டால் நீர்தான் துடுப்புப் போட வேண்டும், தனியாக!"

கூத்தபிரானுக்குப் பானை வயிறு. துடுப்பை நினைத்தாலே மூச்சு வாங்கியது. பொழுது விடிந்ததும் கொல்லர் வீரப்பாசாரியிடம் ஓடினார்.

"இதழுக்கும் இதழுக்கும் நடுவுல தண்ணி போக வழி வேணாமா சாமி?" என்றார் ஆசாரி. "குறைச்சுப் பார்ப்போம்."

எட்டு இதழ் வைத்தார்கள். படகு நகர்ந்தது. ஐந்தில் ஓடியது. மூன்றில் பறந்தது. இரண்டு வைத்தபோது ஆட்டிய ஆட்டத்தில் கூத்தபிரானின் தலைப்பாகை ஏரிக்குள் போய்விட்டது. மூன்றே சரி என்று முடிவானது.

மாலையில் கரை முழுக்கக் கூட்டம். திருவேகம்பர் குனிந்து எண்ணினார்.

"மூன்றா! அரசே, துரோகம்! ஆணையை மீறிவிட்டான்!"

பதினாறு அமைச்சர்களும் கத்தினார்கள். ராஜாவின் மீசை துடித்தது. "கூத்தபிரான், என்ன இது?"

கூத்தபிரான் செப்பேட்டை உரக்கப் படித்தார். "'நாட்டுக்கு உழைக்கும் அமைச்சர் ஒவ்வொருவருக்கும் ஓர் இதழ்.' உழைப்பவர்களை எண்ணினேன் அரசே. மூன்று பேர்தான் தேறினார்கள்."

பிறகு அமைச்சர்கள் பக்கம் திரும்பினார்.

"விடுபட்ட பதின்மூன்று பேரும் கைதூக்கட்டும். உழைக்காவிட்டாலும் போகட்டும், அவர்களுக்கும் இப்போதே இதழ் பொருத்திவிடுகிறேன்."

ஒரு கைகூட எழவில்லை. திருவேகம்பர் இரண்டு கையையும் அங்கவஸ்திரத்துக்குள் மறைத்துக்கொண்டார். "மூன்று... பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது" என்றார்.

படகு கிளம்பியது. பக்கத்து நாட்டுப் படகு பாதி ஏரி வருவதற்குள் ராஜா அக்கரையில் இறங்கி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். மீனவர்கள் கூத்தபிரானைத் தூக்கிக்கொண்டு ஆட முயன்று, கனம் தாங்காமல் இறக்கிவிட்டார்கள்.

இளநீரும் கையுமாக இக்கரைக்குத் திரும்பிய ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். பிறகு காதோடு கேட்டார்: "என்னிடம் மட்டும் சொல்லும். யார் அந்த மூன்று பேர்?"

"சத்தியமாக எனக்குத் தெரியாது அரசே. ஆனால் இதற்குள் அமைச்சர்கள் ஒவ்வொருவராக என்னிடம் தனியாக வந்து, மற்ற இரண்டு பேர் யார் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்."

"எத்தனை பேர் வந்தார்கள்?"

"பதினாறு பேரும்!"

ராஜா சிரித்த சிரிப்பில் இளநீர் புரையேறிவிட்டது.