முந்நூறு பேர் சேர்ந்த ஒரே ஆள்

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் போகிறீர்கள். இப்போது இல்லை! வாயை மூடுங்கள், முதலில் கோதுமை விளையட்டும்.

மன்னர் காலத்துப் பிரான்சில் ஒரு கிராமம். அங்கே மூன்றே ஓட்டு. பாதிரியாருக்கு ஒன்று, பிரபு குர்வாலுக்கு ஒன்று, மிச்சமுள்ள முந்நூறு குடியானவர்களுக்கும் சேர்த்து ஒன்று.

கோதுமை முற்றிய நேரம் பார்த்து மேற்கே மேகம் கறுத்தது. யார் வயலை முதலில் அறுப்பது? பிந்துகிறவன் கதிர் அழுகும். குடியானவனுக்கு அழுகினால் குளிர்காலம் முழுக்கப் பட்டினி.

பிரபு மூக்கால் பேசினார்: "ம்ம்ஹூம்! ஊரே திரண்டு முதலில் என் வயலை அறுக்கணும். ஓட்டுப் போடலாமே!"

வாய் நிறைய பிரபு வீட்டு வாத்துக்கறியோடு பாதிரியார், "ஆஆம்மென்" என்றார். இரண்டுக்கு ஒன்று. முடிந்தது.

துணி வெளுக்கும் பெரின் எழுந்தாள். "சரிங்க பிரபு. ஆனா நாளைக்கு எவனாவது நாங்க முந்நூறு பேருன்னு வாயாடினா? நாங்க எல்லாரும் சேர்ந்து ஒரே ஆள்தான்னு எழுதி முத்திரை குத்திடுங்க."

"ம்ம்ஹூம், விவரமான பெண்!" பிரபு தானே காகிதத்தில் எழுதி, மெழுகை உருக்கி, முத்திரை மோதிரத்தை அழுத்தினார்.

மறுநாள் மத்தியானம்தான் பிரபு எழுந்தார். அவர் வயலில் ஒற்றை அரிவாளோடு பெரின் மட்டும் பாடிக்கொண்டே அறுத்துக்கொண்டிருந்தாள். ஊர்க்காரர்கள் தங்கள் கோதுமையைக் களஞ்சியத்தில் ஏற்றி முடித்திருந்தார்கள்.

"மத்தவங்க எங்கடி?"

"எந்த மத்தவங்க, பிரபு? நாங்க மொத்தமே ஒரு ஆள். வந்துட்டேனே!"

"எந்த முட்டாள் அப்படிச் சொன்னான்?"

பெரின் காகிதத்தை நீட்டினாள். பிரபு மெழுகைப் பார்த்தார். தன் மோதிரத்தைப் பார்த்தார். மறுபடியும் மெழுகைப் பார்த்தார்.

முதல் மழைத்துளி அவர் மூக்கில் விழுந்தது.

"ம்ம்ஹூ... ஐயோ!"